பில் கட்டுகிறவரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆள்

கேள்வி: என் கணவர் போன அக்டோபரில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினார். இதுவரை 96 மணி நேரம் பறந்திருக்கிறார். இப்போது மூன்று நண்பர்களோடு சேர்ந்து, 1976-ல் தயாரான செஸ்னா 172 ஒன்றில் கால் பங்கு வாங்கப் போகிறார். கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் கிளம்பி, எங்கள் ஒன்பது வயது மகளோடு மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் பறந்து போகலாம் என்கிறார். ஜூனில் என் மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்ததும் அவர்களையும் ஏற்றிச் சுற்றிக்காட்ட ஆசை. மதுரையிலிருந்து அப்பா போனில் சஞ்சய் காந்தி கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். செய்திகளில் ஒரு விபத்துக்கு 'பைலட் தவறு' என்கிறார்கள், இன்னொன்றுக்குப் 'பராமரிப்புக் குறைபாடு' என்கிறார்கள். நான் எதை நினைத்துப் பயப்பட வேண்டும், இவரையா, அந்தப் பழைய விமானத்தையா? நாங்கள் ஏறலாமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அப்பாவுக்குப் பதில். 1980 ஜூன் 23 அன்று டெல்லி சஃப்தர்ஜங் அருகே சஞ்சய் காந்தி ஓட்டியது 'பிட்ஸ்' என்னும் சாகச விமானம். தரைக்கு மிக அருகில் குட்டிக்கரணம் போட்டார், மீண்டு எழ உயரம் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் வாங்கப் போவது அந்த ரகம் இல்லை. செஸ்னா 172 எங்கள் தொழிலில் சாதுப் பசு. அதனால் அப்பாவிடம் அந்தக் கதையை விடச் சொல்லுங்கள். அவர் பயமே வீண் என்று மட்டும் சொல்ல மாட்டேன். உதாரணம்தான் பொருந்தவில்லை.

நான் 26 வருடமாகச் சிறு விமானங்களின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவன். மெக்கானிக் லைசென்ஸோடு, வருடாந்திரச் சோதனைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரமும் உண்டு. வார இறுதியில் கொஞ்சம் ஓட்டவும் செய்வேன்.

ஆபத்தின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏர்லைன்ஸ் தவிர்த்த பொதுப் பறத்தலில் ஏறக்குறைய ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஓர் உயிரிழப்பு விபத்து நடக்கிறது. இதைக் காரோடு ஒப்பிட வேண்டாம், ஏர்லைன்ஸோடு ஒப்பிடவே வேண்டாம். மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடுங்கள், ஓரளவு சரியாக வரும். மோட்டார் சைக்கிளிலும் ஹெல்மெட் போட்டுப் பகலில் நிதானமாகப் போகிறவனும், ராத்திரி மழையில் வழுக்கை டயரோடு பறக்கிறவனும் ஒரே கணக்கில்தான் சேர்கிறார்கள். சிறு விமானத்திலும் அப்படியே. சராசரியை வைத்து உங்கள் வீட்டுக்காரரை எடை போட முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். விபத்துகளை வருடா வருடம் பிரித்துப் பார்க்கிறவர்கள் சொல்லும் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. நான்கில் மூன்று பைலட் செய்ததால், அல்லது செய்யாமல் விட்டதால். இயந்திரக் கோளாறும் பராமரிப்பும் சேர்ந்து அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் வருகின்றன. மெக்கானிக் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கு வசதியானதுதான். கிளப்பில் பைலட்டுகளைக் கிண்டல் செய்யப் பயன்படுத்தியும் இருக்கிறேன். ஆனால் அது கோடு போடும் இடத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஏர்லைன்ஸில் ஓட்டுபவர் ஒருவர், பழுது பார்ப்பவர் இன்னொருவர், அதற்குப் பணம் கொடுப்பது கம்பெனி, இன்று போகலாமா என்று பைலட்டோடு உட்கார்ந்து பார்க்க டிஸ்பேட்சர் என்று ஓர் ஆள். பைலட் ஒரு குறையை எழுதி வைத்தால் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகாது. சொந்த விமானத்தில் இத்தனை வேலையும் ஒரே தலையில். எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் என்று நான் சொன்னால், அந்த பில்லைக் கட்டுவதும், அதுவரை பறக்காமல் இருப்பதும், மகளிடம் 'இந்த வாரம் இல்லடா' என்று சொல்வதும் உங்கள் வீட்டுக்காரர்தான். சட்டமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 91.403, விமானத்தைப் பறக்கத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் முதல் பொறுப்பை உரிமையாளர் மேல் வைக்கிறது. 91.7, ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் அதை உறுதி செய்யும் பொறுப்பைப் பைலட் மேல் வைக்கிறது. மெக்கானிக் நான் என் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு நான் பொறுப்பு. மற்ற நாட்களில் எனக்கு அந்த விமானம் எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியாது.

அதனால் 'பைலட் தவறு' என்று பதிவான பல விபத்துகளின் ஆரம்பம் ஹேங்கரில் இருக்கும். 'பராமரிப்பு' என்று பதிவானவற்றில் பல, தெரிந்தே கிளம்பிய பைலட்டில் போய் முடியும்.

எமிலியானோ சாலா என்ற அர்ஜென்டினா கால்பந்து வீரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 ஜனவரி 21 இரவு, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து தன் புதிய கிளப் இருக்கும் கார்டிஃபுக்கு, ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபு விமானத்தில் போனார். கர்ன்ஸி தீவுக்கு அருகே விமானம் கடலில் விழுந்தது. பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு கண்டது இது: மோசமான வானிலையில் மேகத்தைத் தவிர்க்கப் பைலட் கையால் திருப்பும்போது கட்டுப்பாடு போயிற்று. வேகம் எல்லை மீறி, விமானம் காற்றிலேயே உடைந்தது. அந்தப் பைலட்டுக்கு இரவில் பறக்க அனுமதி கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றவும் அனுமதி கிடையாது. இதோடு நிறுத்தினால் சுத்தமான பைலட் தவறு.

ஆனால் சாலாவின் ரத்தத்தைச் சோதித்தபோது கார்பன் மோனாக்சைடு 58 சதவீதம் ஏறியிருந்தது. எஞ்சின் புகை எப்படியோ கேபினுக்குள் வந்திருக்கிறது. பைலட்டும் அதே காற்றைத்தான் சுவாசித்திருப்பார், அவர் புத்தியும் மங்கியிருக்கக்கூடும் என்றது அறிக்கை. முந்தைய நவம்பர் இறுதியில்தான் அதற்கு வருடாந்திரச் சோதனை முடிந்திருந்தது. விஷவாயு வந்தால் கூவி எச்சரிக்கும் கருவி உள்ளே இல்லை. இப்போது சொல்லுங்கள், இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

அந்தப் புகை எப்படி உள்ளே வரும் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு உபயோகம். உங்கள் வீட்டுக்காரர் வாங்கப் போகும் செஸ்னாவில் தனியாக ஹீட்டர் என்று ஒன்று இல்லை. மஃப்ளரைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும். வெளிக்காற்று அதற்குள் நுழைந்து, கொதிக்கும் மஃப்ளரைத் தொட்டுச் சூடேறி, குழாய் வழியாக உங்கள் காலடிக்கு வரும். மஃப்ளர் மேல் முடி அளவு விரிசல் விட்டால் வெப்பத்தோடு புகையும் வரும். புகைக்காவது வாடை உண்டு, மோனாக்சைடுக்கு அதுவும் கிடையாது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும். குழந்தை பின் சீட்டில் கண் சொருகினால் களைப்பு என்றுதான் நினைப்போம்.

நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும் விதம் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வாக்குவம் கிளீனரின் காற்று தள்ளும் பக்கத்தை எக்ஸாஸ்ட் வாயில் செருகி ஓடவிட்டு, குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளிப்போம். ஊரில் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அதே வித்தைதான். சில வருடம் முன்பு ஒரு நவம்பரில் ஒருவருடைய விமானத்தில், மஃப்ளரின் வெல்டிங் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு தீற்றல் தெரிந்தது. சோப்புத் தண்ணீர் பட்டதும் அங்கே குமிழி குமிழியாகப் பொங்கிற்று. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல மனுஷர், படித்தவர். அவர் சொன்னது: "ஹீட்டரைப் போடாம ஓட்டிக்கிறேன், அடுத்த ஆனுவல்ல பாத்துக்கலாம்." அந்த மாதம் அவருக்கு வேறு செலவுகள் இருந்தன, எனக்கும் தெரியும். லாக்புக்கில் 'பறக்கத் தகுதி இல்லை' என்று எழுதி, குறைகளின் பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு மஃப்ளரை மாற்றிக்கொண்டார். பேச்சும் திரும்பிற்று.

'அடுத்த ஆனுவல்ல பாத்துக்கலாம்.' வீட்டில் இந்த வாக்கியம் காதில் விழுந்தால் எனக்கு எழுதுங்கள், தனியாகவே பதில் போடுகிறேன். எலெக்ட்ரானிக் மோனாக்சைடு கருவி ஒன்றை இப்போதே வாங்கி அவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடுங்கள். பழைய விமானங்களில் ஒட்டியிருக்கும், நிறம் மாறும் அட்டை வில்லைகளை நம்ப வேண்டாம். பல விமானங்களில் அது ஒட்டிய நாளே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது, அந்த 1976 விமானம். வயது என்னைப் பயமுறுத்துவதில்லை. ஐம்பது வயது செஸ்னாக்களை நான் தினமும் பார்க்கிறேன். நான் பயப்படுவது ஓடாமல் நின்ற விமானத்துக்கு. லாக்புக்கை விரித்து, கடைசி ஐந்து வருடத்தில் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இருபது, முப்பது என்று இருந்தால் கவனம். அதிலிருக்கும் லைகாமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு மேலே இருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் அதன் மேல் படிந்த எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும், வெறும் இரும்பில் துரு பிடிக்கும். 'எஞ்சின் ஓவர்ஹால் ஆகி 600 மணி நேரம்தான் ஆச்சு' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். எந்த வருடம் ஆயிற்று என்று கேளுங்கள். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்கும் இந்த ஓவர்ஹாலுக்கு லைகாமிங் கம்பெனி சொல்லும் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுகிறவரை அது சட்டப்படி கட்டாயப்படுத்தாது என்பதால் அந்த 12 வருடத்தை யாரும் பேச மாட்டார்கள்.

வாங்குமுன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த விமானத்துக்கு வழக்கமாகக் கையெழுத்துப் போடுகிற அதே ஆளிடம் காட்ட வேண்டாம் என்பதுதான் நான் சேர்ப்பது. அவர் கெட்டவர் என்பதால் சொல்லவில்லை. தன் சமையலில் உப்பு குறைவு என்று நாக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஓட்டுநர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். செஸ்னா சீட்டுகள் ஒரு தண்டவாளத்தில் ஓடுபவை. அதில் வரிசையாகத் துளைகள், ஒரு ஊசி அந்தத் துளைக்குள் விழுந்து சீட்டைப் பிடிக்கும். வருடக்கணக்கில் தேய்ந்து துளை நீள்வட்டமானால் ஊசி பிடிக்காது. டேக்-ஆஃபில் மூக்கு மேலே எழும் நேரத்தில் சீட்டு வழுக்கிப் பின்னால் ஓடும். மனுஷன் விழப் போகும்போது கையில் இருப்பதைப் பிடித்து இழுப்பான், அவர் கையில் இருப்பது விமானத்தின் யோக், அதாவது ஸ்டீயரிங். அதை இழுத்தால் மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் செத்துவிடும். இப்படி ஆட்கள் போயிருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தண்டவாளத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ.வின் கட்டாய உத்தரவே இருக்கிறது. 'சீட்டு கொஞ்சம் லூசுதான், பழகிடும்' என்று பங்காளி யாராவது சொன்னால் அந்தப் பங்கு வேண்டாம்.

பங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நாலு பேர் சேர்ந்து வாங்குவது செலவுக்கு நல்லது, விமானம் அடிக்கடி ஓடவும் நல்லது. ஆனால் பொதுக் கிணற்றைத் தூர் வாருவது யார்? செவ்வாய்க்கிழமை ஓட்டியவர், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் சோதனையில் ஆர்.பி.எம். கூடுதலாக இறங்கியதைப் பார்த்திருப்பார், வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார், அதன் கீழே இருபது 'ஹேப்பி பர்த்டே' வந்து அது மேலே ஓடிவிடும். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் ஏறுவார். விமானத்துக்குள்ளேயே ஒரு நோட்டு வேண்டும், கிளம்புமுன் அதைத் திறந்து பார்க்காமல் யாரும் சாவியைத் தொடக்கூடாது. ஆளுக்கு ஆள் மணிக்கணக்குப்படி ரிப்பேர் நிதி முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பணம் ஏற்கெனவே உண்டியலில் இருந்தால் மஃப்ளர் மாற்ற யாருக்கும் மனசு கசக்காது.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்க மாட்டேன். விமானம் ரிப்பேருக்குப் போய் வந்த முதல் பறப்புதான் எனக்குப் பிடிக்காத பறப்பு. கேபிளை மாற்றிக் கட்டி, வலது பக்கம் திருப்பினால் இடது இறக்கை இறங்க வேண்டியதற்குப் பதில் வலது இறக்கை இறங்கும்படி… பாருங்கள், எழுதும்போதே நானே குழம்பிவிட்டேன். வலது பக்கம் திருப்பினால் வலது இறக்கைதான் இறங்க வேண்டும். அந்தக் குழப்பம்தான் ஹேங்கரிலும் நடக்கிறது. பைலட்டும் யோக் தடையில்லாமல் ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பார், சரியான திசையில் ஆடுகிறதா என்று பார்க்க மாட்டார். அதனால் ரிப்பேர் முடிந்து வந்தால் முதலில் அவர் தனியாக, பகலில், ஓடுதளத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கட்டும். அன்றைக்குக் குழந்தையை ஏற்ற வேண்டாம்.

மாமனார், மாமியார் விஷயம் வெறும் கூட்டல் கணக்கு. அந்த வருட 172-க்கு மொத்த எடை 2,300 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. காலி எடை விமானத்துக்கு விமானம் மாறும், 1,430 என்று வைத்துக்கொள்வோம். டேங்க் நிரம்ப உபயோகிக்கக்கூடிய பெட்ரோல் 38 காலன், காலனுக்கு 6 பவுண்டு, ஆக 228. மிச்சம் 642. நாலு பெரியவர்கள் ஏறினால் அதற்குள் அடங்குவதே கஷ்டம், ஊர்ப் பலகாரப் பெட்டி வேண்டவே வேண்டாம். நாலு சீட்டு இருப்பதால் நாலு பேர் ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே அரை மணி நேரம் சுற்றிக்காட்டலாம், அது நல்ல யோசனை. ஆனால் பெட்ரோலைக் குறைத்ததும் அடுத்த வம்பு வந்து நிற்கும்.

பெட்ரோல் தீர்ந்து விழுவதைப் போல அவமானமான விபத்து கிடையாது, ஆனாலும் ஓயாமல் நடக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. 2011 முதல் 2015 வரை எண்ணிப் பார்த்ததில், எரிபொருளைக் கையாண்டதில் தவறி வருடத்துக்குச் சராசரியாக ஐம்பதுக்கு மேல் விபத்துகள். அதில் கருவிக் கோளாறின் பங்கு 5 சதவீதம்தான். பழைய செஸ்னாவின் பெட்ரோல் முள்ளை நான் கோயில் மணி ஆடுவதைப் பார்ப்பது மாதிரி பார்ப்பேன், நம்ப மாட்டேன். இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். விமானப் பெட்ரோல் நீல நிறம். மூடியின் ரப்பர் காய்ந்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் நிறமில்லாமல் உருண்டையாக நிற்கும்.

பாடகர் ஜான் டென்வரின் விபத்தை நான் பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு எப்போதும் சொல்வேன். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டரே. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. அப்போதுதான் வாங்கியிருந்த 'லாங்-ஈஸி' விமானம், ஒருவர் வீட்டில் கட்டியது. டேங்க் மாற்றும் பிடியை அதன் வடிவமைப்பாளர் வைக்கச் சொன்ன இடத்தில் வைக்காமல், கட்டியவர் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்ற குறிகூட இல்லை. கிளம்புமுன் அங்கிருந்த மெக்கானிக்கும் டென்வரும் அந்தப் பிடியில் ஓர் இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. பின்னால் இருக்கும் பெட்ரோல் அளவு தெரிய மெக்கானிக் ஒரு கண்ணாடி கொடுத்தார். பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தானே, வேண்டாம் என்றார் டென்வர். பறக்கும்போது அந்தப் பிடிக்காகப் பின்னால் திரும்பினார், கால், வால் சுக்கானைத் திருப்பும் வலது மிதியை அழுத்திவிட்டது என்று என்.டி.எஸ்.பி. முடிவு செய்தது. அதே அறிக்கை கட்டியவரின் தவறையும், பெட்ரோல் போடாமல் கிளம்பியதையும் சேர்த்தே காரணமாக எழுதியது. இடுக்கி மாட்டிப் பார்த்த அந்த நிமிடத்தைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். பழுது இரண்டு பேர் கண் முன்னாலும் இருந்தது.

கார்புரேட்டரில் ஐஸ் பிடிப்பதும் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 20 டிகிரி வெயிலிலும், காற்றில் ஈரம் இருந்தால் பிடிக்கும். எஞ்சின் மூச்சுத் திணறும். வயலில் இறக்கிய பிறகு நாங்கள் போய்ப் பார்த்தால் ஐஸ் உருகியிருக்கும், எஞ்சின் ஒரே உதையில் கிளம்பும்.

இனி மார்த்தாஸ் வின்யார்ட். சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கை நின்ற இடம் மாமனார் மாமியாரோ 1976-ஓ இல்லை. 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும்' என்ற வரி.

1999 ஜூலை 16, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் எஸக்ஸ் கவுண்டி விமானத் தளத்திலிருந்து, அதே தீவுக்கு, முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவியும் மனைவியின் அக்காவும் கூட இருந்தார்கள். கிளம்பும்போது இரவு 8:38, சூரியன் மறைந்தாயிற்று. சுமார் 310 மணி நேரம் பறந்தவர். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இன்னும் வாங்கவில்லை. பயிற்சியாளர் ஒருவர் கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார், தனியாகச் செய்ய விரும்புவதாகச் சொல்லிவிட்டார். கரையை விட்டுக் கடல் மேல் திரும்பியபோது மூடுபனி மாதிரி ஒரு புகைமூட்டம், மேலேயும் கீழேயும் ஒரே கறுப்பு. 9:41-க்குக் கடலில் விழுந்தார்கள். கடைசி இறக்கத்தின் வேகம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கு மேல். அந்த பைப்பர் விமானத்தில் பறப்பதற்குமுன் இருந்த பழுது ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. என்னைப் போல் ஒரு மெக்கானிக் எவ்வளவு சோப்புத் தண்ணீர் தெளித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றும், கண்ணைத் திறந்து ஒரு தூணைப் பிடித்தால்தான் நிற்கும். காதுக்குள் இருக்கும் திரவம் செய்யும் வேலை அது. இருட்டில் கடல் மேல் பிடித்துக்கொள்ள அந்தத் தூண் இல்லை. விமானம் மெதுவாகச் சாயும், உடம்பு நேராக இருக்கிறோம் என்று சத்தியம் செய்யும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 மாணவர்களை வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. புத்திசாலிகளும் அதில் இருந்திருப்பார்கள்.

கடைசி 90 நாளில் இரவில் மூன்று டேக்-ஆஃப், முழுதாக நிறுத்திய மூன்று லேண்டிங் செய்திருந்தால் உங்களை இருட்டில் ஏற்றிச் செல்லச் சட்டம் அவரை அனுமதிக்கும். நான் அனுமதிக்க மாட்டேன். 96 மணி நேரக்காரர் குடும்பத்தோடு இரவில் கடல் மேல் போகக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஏறலாமா என்றால், ஏறலாம். பகலில், நிலத்தின் மேல், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பும்படி, முதலில் நீங்கள் மட்டும். நாலைந்து தடவை போன பிறகு மகள். பங்கு வாங்க வைத்திருக்கும் பணம் முழுவதையும் விமானத்தில் போடாமல், ஒரு பகுதியை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு வருடம் வாடகை விமானத்திலேயே ஓட்டினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நீங்களும் வலது சீட்டில் உட்காருகிறவர்களுக்கான பயிற்சி சில மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் பேசவும், நேராகப் பிடிக்கவும், அவசரத்துக்கு இறக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள்.

அவர் கிளம்பி ஓடுதளம் வரை போய் 'ஏதோ சரியில்லை' என்று திரும்பி வந்தால், முகத்தைச் சுளிக்காதீர்கள். மகள் அழுதால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். அன்று யாரும் 'இதுக்குத்தான் இவ்வளவு செலவா' என்று கேட்கக்கூடாது, உங்கள் அப்பா உட்பட. ஹோட்டல் அட்வான்ஸ் போனால் போகட்டும்.

தீவுக்குப் போகிற அந்த முதல் தடவை சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். காலையில் மூட்டமாக இருந்தால் காரை எடுங்கள். உட்ஸ் ஹோல் துறைமுகம் எடிசனிலிருந்து ஐந்து மணி நேரம், அங்கிருந்து படகில் 45 நிமிடம். ஒருவேளை விமானத்தில் போய்ச் சேர்ந்து, ஞாயிறு மதியம் கடல் பக்கம் மூட்டமாக வெளுத்துக்கொண்டு வந்தால், விமானத்தைத் தீவிலேயே கட்டிப் போட்டுவிட்டுப் படகேறுங்கள். திங்கட்கிழமை லீவு போட வேண்டியிருக்கும் என்று அவர் மேனேஜரிடம் முன்பே சொல்லி வைக்கட்டும். படகு நேர அட்டவணையை உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் காட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.